கட்டியின் அளவும் கதிர் மருத்துவத்தின் பலனும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மேடையில் நோயைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் வினவினர். நாம் பேசத்தான் வேண்டும் எனக் கருதினோம். காரணம் ஒன்றே. நம் தெருக்களில் படிப்பை இடையில் விட்ட பிள்ளைகளின் கதையைத் துருவிப் பார்த்தால், பல வீடுகளில் அதற்குப் பின்னால் ஒரு நோய்ப் படுக்கை கிடக்கிறது. நாற்பது, ஐம்பது வயதில் தறியிலும் வயலிலும் நின்று உழைத்தவருக்கு வாயில் ஒரு புண் வருகிறது. வீட்டிலுள்ள இரண்டு ஆடும் ஒரு பவுனும் அதற்குப் போகின்றன. அடுத்த ஆண்டு மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கு வழியில்லை. ஆதலின் வாய், தொண்டை, குரல்வளை ஆகிய இடங்களில் தோன்றும் புற்றுநோயைப் பற்றியும், அதற்குச் செய்யப்படும் கதிர்வீச்சு மருத்துவத்தைப் பற்றியும், குறிப்பாகக் கட்டியின் அளவுக்கும் அம்மருத்துவத்தின் பலனுக்கும் உள்ள உறவைப் பற்றியும் இன்று சிந்திக்கிறோம்.

புற்று என்ற சொல் நம் ஊராருக்குப் புதிதன்று. சங்கரநாராயணர் கோயிலின் புற்று மண்ணை நெற்றியில் இட்டும், தோலில் பூசியும் வளர்ந்தவர்கள் நாம். அந்நம்பிக்கையைக் குறைகூற நாம் இங்கு வரவில்லை. நம்பிக்கை அவரவர் உரிமை. ஆனால் கன்னத்துப் புண்ணின்மேல் மண்ணைப் பூசிக்கொண்டு மூன்று மாதம் காத்திருப்பதனால் அப்புண் என்ன அளவுக்கு வளர்கிறது என்பது கணக்கு. அது நம்பிக்கையின் எல்லைக்குள் வாராதது. பூசுகிறவர் பூசட்டும், மறுநாட் காலையில் மருத்துவமனைக்கும் புறப்படட்டும்.

நோயின் காரணங்களை விரித்துரைக்க வேண்டுவதில்லை, நீங்கள் அறிவீர்கள். பீடி, சுருட்டு, கன்னத்தில் அதக்கும் புகையிலை, பொட்டலத்தில் விற்கும் பாக்குத்தூள், சாராயம். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வோம். ‘புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்’ என்று நம் தாய்மார்கள் ஆறுதல் கொள்கிறார்கள். பாக்கும் தானே புற்றை விளைவிக்கும் பொருள் என உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-இல் அறிவித்துவிட்டது.

இனிப் பொருளுக்கு வருவோம்.

மருத்துவர்கள் கட்டியை அளக்கிறார்கள். பிரான்சு நாட்டு மருத்துவர் பியேர் டெனுவா 1940-களில் வகுக்கத் தொடங்கிய முறை இன்று உலகெங்கும் வழங்குகிறது. கட்டியின் அளவு, கழுத்து நெறிக்கட்டிகளின் நிலை, தொலைவிடத்துப் பரவல் ஆகிய மூன்றையும் குறிப்பது அம்முறை. வாய்க்குள் தோன்றிய கட்டி 2 சென்டிமீட்டருக்கு உட்பட்டால் முதல் நிலை. 2-க்கு மேல் 4 வரை இரண்டாம் நிலை. 4-ஐத் தாண்டினால் மூன்றாம் நிலை. எலும்பையோ தோலையோ துளைத்தால் நான்காம் நிலை. அண்மைக்காலப் பதிப்பில் ஆழமும் சேர்க்கப்பட்டிருக்கிறது. மேலே சிறிதாகத் தோன்றினும் 5 மில்லிமீட்டரை விட ஆழமாக வேர்விட்ட கட்டியை முதல் நிலையில் வைக்கமாட்டார்கள். 10 மில்லிமீட்டரைக் கடந்தால் நிலை மேலும் உயரும்.

இரண்டுக்கும் நான்குக்கும் வேற்றுமை இரண்டுதானே என்று எண்ணாதீர்கள். கட்டி கோடு அன்று, உருண்டை. விட்டம் இரு மடங்கானால் உருண்டையின் கன அளவு எட்டு மடங்காகிறது. சுண்டைக்காயை எண்ணிக்கொள்ளுங்கள், விட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். புளியங்குடிச் சந்தைக்கு வரும் எலுமிச்சையில் சிறியதொன்றை எடுங்கள். நான்கு சென்டிமீட்டர் எனலாம். ஓர் எலுமிச்சைக்குள் அறுபத்து நான்கு சுண்டைக்காய்களின் பொருள் அடங்கியிருக்கிறது. கண்ணாடியில் பார்க்கிற நோயாளி விட்டத்தைப் பார்க்கிறார். கதிர்ப்பொறியோ கன அளவோடு போராட வேண்டியிருக்கிறது.

அப்போராட்டம் எவ்வாறு நடைபெறுகிறது? பள்ளி இறுதி வகுப்புப் பிள்ளைகள் தாளும் எழுதுகோலும் எடுத்துப் போட்டுப் பார்க்கத்தக்க கணக்கு இது. ஒரு கன சென்டிமீட்டர்க் கட்டியில் ஏறக்குறைய நூறு கோடி உயிரணுக்கள் உள்ளன என்பது வழக்கமான மதிப்பீடு. கதிர் மருத்துவத்தில் நாள் ஒன்றுக்கு 2 கிரே வீதம், வாரத்தில் ஐந்து நாள் கொடுப்பது வழக்கம். (முன்பு ‘ராட்’ என்று அளந்தார்கள், நூறு ராட் ஒரு கிரே.) ஒவ்வொரு நாளும் கதிர் இத்தனை அணுக்கள் என்று எண்ணிக் கொல்வதில்லை, இருப்பதில் இத்தனை பங்கு என்று கொல்கிறது. கணக்கின் எளிமைக்காகப் பாதி எனக் கொள்வோம். நூறு கோடி, மறுநாள் ஐம்பது கோடி, அதற்கடுத்து இருபத்தைந்து கோடி. பத்து நாளில் பத்து இலட்சத்திற்குச் சற்றுக் குறைவு; இருபது நாளில் ஏறத்தாழ ஆயிரம்; முப்பதாம் நாளில் ஒன்று.

இங்கே நின்று ஒன்றைக் கவனிக்க வேண்டும். பத்தாம் நாளிலேயே ஆயிரத்தில் தொளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பங்கு போய்விட்டது. இறந்த அணுக்களை உடல் அகற்ற அகற்றக் கட்டி சுருங்கும், வலி குறையும், கஞ்சி இறங்கும். ‘நோய் போய்விட்டது’ என்று வீட்டார் மகிழ்வார்கள். ஆனால் பத்து இலட்சம் எதிரிகள் உள்ளேயே இருக்கிறார்கள். அவர்களைக் கண்ணாலும் காண இயலாது. கையாலும் தடவ இயலாது. நடுவில் நிறுத்தியவருக்கு அதே இடத்தில் மீண்டும் தலைகாட்டுவது இவர்களால்தான்.

அந்த எலுமிச்சைக்கு இதே கணக்கைப் போடுங்கள். முப்பத்து மூன்று கன சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அணுக்கள் மூவாயிரத்து முந்நூறு கோடிக்கும் அதிகம். முப்பது நாளில் முப்பத்தொன்று எஞ்சும். மேலும் ஐந்து நாள் கொடுத்தால் ஒன்றாகும். முப்பத்தைந்து நாள், 70 கிரே, ஏழு வாரம். தலை கழுத்துப் புற்றுக்கு முழு மருத்துவமாகக் கதிரையே நம்பும்போது உலகெங்கும் வழங்கும் அளவு இதுவே.

அப்படியானால் பெரிய கட்டிக்கு ஐந்து நாள் அதிகம் கொடுத்துவிட்டால் கதை முடிந்ததா என்று கூர்மையான பிள்ளை ஒருவர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. கணக்கு அவ்வாறுதான் சொல்கிறது. உடல் அவ்வாறு நடப்பதில்லை. பெரிய கட்டி என்பது பெருக்கிய சிறு கட்டி அன்று. அதன் தன்மையே வேறு.

முதலாவது, மூச்சுத் திணறல். கட்டி வளர்கிற வேகத்திற்கு இரத்தக் குழாய்கள் வளர்வதில்லை. குழாயிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு தள்ளி நிற்கும் அணுவுக்குப் பிராணவாயு எட்டுவதில்லை. இங்கிலாந்தின் அறிஞர் கிரேயும் அவர்தம் துணைவர்களும் 1953-இலும், பின்னர்த் தாம்லின்சனோடு சேர்ந்து 1955-இலும் இவ்வுண்மையை நிலைநாட்டினர். இன்று கதிரின் அளவு அவர் பெயராலேயே வழங்குகிறது. பிராணவாயு இல்லாத அணுவைக் கொல்ல, இருக்கிற அணுவுக்கு வேண்டிய கதிரைப் போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் வேண்டும். சுண்டைக்காய் அளவுக் கட்டியில் இத்தகைய மூச்சற்ற மூலைகள் குறைவு. எலுமிச்சையின் நடுவிலோ அவை ஏராளம். அழுகி நாற்றமெடுக்கும் புண்ணின் உட்புறத்தில் உயிர் ஒடுங்கிக் கிடக்கும் அணுக்கள் முதல் வாரங்களின் கதிரைத் தாங்கி நிற்கின்றன. மேலடுக்கு அழிந்து வாயு எட்டும்போது அவற்றுட் பல கதிருக்கு ஆட்படும் என்பது உண்மையே, எல்லாம் ஆட்படுவதில்லை.

இரண்டாவது, அணுக்கள் பலவாகும்போது அவற்றுள் கதிருக்கு அஞ்சாத வகையும் தோன்றிவிடுகிறது. மூன்றாவது, ஐந்து நாள் பத்து நாள் என்று கதிரை ஏற்றிக்கொண்டே போகவும் இயலாது. அருகில் தண்டுவடம் இருக்கிறது, தாடை எலும்பு இருக்கிறது, உமிழ்நீர்ச் சுரப்பி இருக்கிறது. பெரிய கட்டிக்குப் பெரிய பரப்பில் கதிர் பாய்ச்ச வேண்டும். பரப்புக் கூடக் கூட நல்ல தசை தாங்கும் ஆற்றல் குறையும்.

ஆகவேதான் அளவுக்கேற்பப் பலன் இத்தனை வேறுபடுகிறது. குரல் நாண் ஒன்றில் மட்டும் தோன்றிய சிறு புற்றைக் கதிர் ஒன்றினாலேயே நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அளவில் அடக்கிவிடலாம், குரலும் பிழைக்கும். கட்டி குரல்வளையை அடைத்து, குருத்தெலும்பைத் துளைத்துவிட்டால் குரல்வளையையே அகற்றும் நிலை வருகிறது. 1990-களில் அமெரிக்காவின் புளோரிடாப் பல்கலைக்கழகத்தார் குரல்வளைக் கட்டிகளைக் கணினிக் கதிர்ப்படத்தின் வழியே கன அளவாக அளந்தனர். ஏறத்தாழ 6 கன சென்டிமீட்டருக்கு உட்பட்டவை கதிருக்கு நன்கு பணிந்தன; மேற்பட்டவற்றில் தோல்வி மிகுந்தது. ஒரே நிலை என்று தாளில் எழுதப்பட்ட இருவருக்குள்ளும் இவ்வேறுபாடு தெரிந்தது என்பதே இதில் சிறப்பு.

விலக்கும் உண்டு. மேலைநாடுகளில் பாப்பிலோமா என்னும் நச்சுயிரியால் உள்நாக்குச் சதையில் வரும் புற்று, கழுத்தில் பெரிய நெறிக்கட்டியோடு வந்தாலும் கதிருக்கு எளிதில் கரைகிறது. நம்மிடையே வருவது பெரும்பாலும் புகையிலைப் புற்று. அந்தச் சலுகை நமக்கு அரிது.

வாய்க்குள் வரும் புற்றுக்கு முதல் மருத்துவம் பெரும்பாலும் அறுவை. கதிர் அதற்குத் துணை. ‘கத்தி பட்டால் பரவிவிடும்’ என்று அஞ்சிக் கதிர் மட்டும் போதும் என்பாரும், சோதனைக்குத் தசைத் துணுக்கு எடுக்கவே மறுப்பாரும் நம்மிடையே உளர். இது வீண் அச்சம். மாறாக, மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையார் 2015-இல் வெளியிட்ட பெரும் ஆய்வில், சிறு கட்டி உடையவர்க்கும் தொடக்கத்திலேயே கழுத்து நெறிக்கட்டிகளையும் சேர்த்து அகற்றியபோது மூன்றாண்டு முடிவில் நூற்றுக்கு 80 பேர் உயிரோடிருந்தனர். பின்னர்ப் பார்க்கலாம் என்று விட்டவர்களுள் 67.5 விழுக்காட்டினரே இருந்தனர். சிறிய கட்டிதானே என்று மருத்துவத்தில் சிக்கனம் பார்க்கலாகாது.

பெரிய கட்டியோடு வருகிறவர்களைக் கைவிட்டுவிட்டார்களா எனில், இல்லை. இங்கே நம் தமிழகத்தின் பெருமை ஒன்றைச் சொல்லாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் விடாமுயற்சியால், அடையாற்றில் 1952-இல் நேரு அவர்கள் அடிக்கல் நாட்ட, 1954-இல் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் தொடங்கியது. தேவதாசி மரபிற் பிறந்த தாயின் மகள் அவர், படிப்பதற்கே போராடியவர். அவர் மகனார் மருத்துவர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து சேர்ந்து 2021-இல் மறையும் வரை அங்கேயே வாழ்ந்த மருத்துவர் சாந்தாவும் அதனைக் கட்டி வளர்த்தனர். ஆசியாவின் முதற் கோபால்ட் கதிர்ப்பொறிகளுள் ஒன்று அங்கு நிறுவப்பட்டது. அந்நிலையத்தின் வாயிலில் வந்து நின்ற ஏழைகளின் கன்னங்களில் இருந்தவை சுண்டைக்காய்கள் அல்ல. கதிர் மட்டும் போதாது எனக் கண்ட அவ்விருவரும் ப்ளியோமைசின் என்னும் மருந்தைக் கதிரோடு ஒருசேரக் கொடுத்து ஆராய்ந்து, முடிவுகளை 1977-இலும் 1980-இலும் உலக மருத்துவ ஏட்டில் வெளியிட்டனர். கதிரோடு மருந்தையும் சேர்க்கும் முறை இன்று எங்கும் வழக்கமாகிவிட்டது. மருந்துதான் மாறிச் சிஸ்பிளாட்டின் ஆயிற்று.

இனி நாள் தவறுதலைப் பற்றி. நம் மக்கள் கதிர் மருத்துவத்தைக் ‘கரண்டு வைத்தல்’ என்பார்கள். அச்சொல்லே அச்சத்தைத் தருகிறது. உண்மையில் கதிர் பாயும் சில நிமிடத்தில் சுடுவதும் இல்லை, அதிர்வதும் இல்லை. மூன்றாம் வாரத்தில்தான் வாய் புண்ணாகும், நாக்கில் உப்பும் புளிப்பும் தெரியாது, எச்சில் வற்றும். அப்போது நோயாளி ‘போதும்’ என்பார். நாம் நேரில் அறிந்த ஒன்று: விசைத்தறித் தொழிலாளி ஒருவர் நான்கு வாரம் ஒழுங்காகச் சென்று, கட்டி கரைந்த மகிழ்ச்சியில் ஆடித் தபசுக்கு ஊருக்கு வந்தார். திருவிழா முடிந்தது, கூலி வேலை அழைத்தது, பதினெட்டு நாள் கழிந்து திரும்பிச் சென்றார். ஆறு மாதத்தில் மீண்டும் கன்னம் வீங்கியது. அவரைக் குறை சொல்ல நமக்கு வாய் வரவில்லை. நாட்கூலி இல்லாத ஏழு வாரத்தை எந்தக் குடும்பம் தாங்கும்?

ஆயினும் அணுக்களுக்கு நம் வறுமை தெரியாது. ஏறத்தாழ நான்காம் வாரத்திற்குப் பின் எஞ்சியிருக்கும் அணுக்கள் முன்னினும் விரைந்து பெருகுகின்றன என்பதை விதர்ஸ் என்பாரும் துணைவரும் 1988-இல் எடுத்துக்காட்டினர். அந்நாட்களில் மருத்துவம் நின்றால் நாள் ஒன்றுக்கு 0.6 கிரே வீதம் பலன் கரைகிறது. மூன்று நாள் இடைவெளி ஒரு நாள் கதிரை விழுங்கிவிடும். ஒரு நாள் நீடிப்புக்கு நோயை அடக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று, சில வேளைகளில் அதற்கும் மேல், குறைவதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. மருத்துவ காலத்திலும் புகைப்பவர்க்குப் பலன் குறைவதும் கண்ட உண்மை.

ஆகவே கழகத்தின் முன் இரு பணிகளை வைக்கிறோம். ஒன்று, கட்டி சுண்டைக்காயாக இருக்கும்போதே காண்பது. இது நம்மால் ஆகுமா என ஐயுற வேண்டா. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கி 13 ஊராட்சிகளில் நடந்த ஆய்வை நோக்குங்கள். மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற படித்த இளைஞர்களே வீடு வீடாகச் சென்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். 2005-இல் வெளியான முடிவின்படி, புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்றுச் சாவு 34 விழுக்காடு குறைந்தது. வேண்டியது நல்ல வெளிச்சமும் பழகிய கண்ணும். மூன்று வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, மூன்று வாரமாக மாறாத குரல் கம்மல், கழுத்தில் வலியில்லாத கட்டி, தம் மூன்று விரல்களை நிமிர்த்தி நுழைக்க இயலாதபடி குறுகிய வாய். இவற்றுள் ஒன்று இருப்பினும் அவரை அனுப்பிவைக்க வேண்டும். வலியில்லையே என்று சொல்வார்கள், தொடக்கத்தில் வலிக்காது.

மற்றொன்று, தொடங்கியவரை ஏழு வாரமும் தாங்குவது. நம் பகுதியினர் பெரிதும் நாடுவது பாளையங்கோட்டையில் உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை. ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல். புண்பட்ட தொண்டையோடு நாள்தோறும் பேருந்தில் சென்று திரும்புவது எளிதன்று. நெல்லையில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் ஒருவர் மாற்றி ஒருவர் உடன் செல்லலாம். தங்க இடம் தரலாம். அக்காலத்தில் வீட்டுக்கு அரிசி பருப்பு கொடுக்கக் கழகத்தில் ஒரு சிறு நிதி ஒதுக்கலாம். கல்வி நிதியை இதற்கு எடுக்கலாமா என்று செயற்குழுவில் வாதம் எழும். அதே வீட்டுப் பிள்ளையின் படிப்பைக் காக்கிற செலவுதான் இது என்பது எம் கருத்து, முடிவு உங்களுடையது.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை சில. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றை முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும். அட்டை இல்லாதோர் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று விண்ணப்பிக்கலாம். புற்றுநோயாளிக்கும் துணைக்குச் செல்பவர்க்கும் மருத்துவத்திற்காகச் செல்லும்போது இரயில் கட்டணச் சலுகை உண்டு. மருத்துவமனைச் சான்று வேண்டும். சொத்தைப் பற்களைக் கதிர் தொடங்குமுன்னரே பிடுங்கிவிட வேண்டும். கதிர் பட்ட தாடையில் பின்னர்ப் பல்லைப் பிடுங்கினால் எலும்பு ஆறாமற் போகக்கூடும். கஞ்சியும் இறங்காத நாளில் மூக்கு வழியே குழாய் வைப்பார்கள். அதைக் கண்டு உறவினர் அழுது நோயாளியைக் கலங்கச் செய்யாதீர்கள், ஏழாம் வாரத்தை எட்டச் செய்வது அக்குழாய்தான்.

வாயைச் சோதித்துப் பார்க்கப் பழக விரும்பும் தம்பி தங்கைகள் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்கக் கேட்டுக்கொள்கிறோம்.